'டிராயிங் மரம்': கொஞ்சம் கோபமாக ஒரு பதிவு



இது நீளமான பதிவு. பாதியிலேயே விட்டுவிட்டு லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். 34 வருஷம் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தியவள் நான். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பேத்தி அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி நடந்ததாம், 'இயற்கைக் காட்சி' என்பது தலைப்பாம், அவளுக்குத்தான் முதல் பரிசாம். சான்றிதழை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தாள். படத்தையும் காட்டினாள். எனக்குச் சந்தோஷம்தான். வாங்கிப் பார்த்தேன்.

நீங்களும் பார்த்த படம்தான். இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதிச் சூரியன். மலையிலிருந்து ஒரு ஆறு வளைந்து வளைந்து வருகிறது. ஆற்றோரம் ஓட்டு வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் இரண்டு கோடு, அதன் மேல் பச்சை நிறத்தில் ஒரு மேகம். அதுதான் மரம். வானத்தில் நான்கு காக்கா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் இதே படம்தான். என் மாணவர்கள் போட்டதும் இதே படம்தான். இப்போது பேத்தி காலத்திலும் இதேதான். பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறிவிட்டது, இந்தப் படம் மட்டும் மாறவில்லை.

கேட்டேன். "இது என்ன மரம் கண்ணு?"

"மரம், பெரிய அம்மாயி."

"மரம்னா? புளியா, வேம்பா, மாவா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "டிராயிங் மரம்" என்றாள்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேம்பு நிற்கிறது. அதன் அடியில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் அந்தக் குழந்தை உள்ளே வந்தாள். அவள் படத்தில் அது இல்லை. அவள் கண்ணிலேயே அது படவில்லை.

குழந்தை மேல் குற்றம் இல்லை. யார் மேல் குற்றம் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்தப் படத்தில் என்ன தப்பு?

"குழந்தை ஏதோ ஆசைக்கு வரையுது, அதுல என்ன டீச்சர் தப்பு?" என்று கேட்பீர்கள். ஐந்து வயதில் போட்டால் தப்பில்லை. பதினோரு வயதில் அதற்கு முதல் பரிசு கொடுத்தால் தப்பு. பார்க்காமல் போடு, போட்டதையே போடு, அடுத்தவன் போட்டது மாதிரியே போடு, உனக்குப் பரிசு உண்டு என்று அந்தச் சான்றிதழ் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. கணக்கில் ஒரு பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினால் காப்பி என்று அடிக்கிறோம். ஓவியத்தில் மட்டும் காப்பி அடித்தால் மாலை போடுகிறோம்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை. தெற்கே ஜருகுமலை. ஒன்றுகூட முக்கோணம் இல்லை. சேர்வராயன் மலையின் உச்சி கிட்டத்தட்ட மேசை மாதிரி நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. சூரியன் எந்த நாளும் அந்த வடக்குப் பக்கத்தில் இருந்து உதித்ததில்லை. ராமர் கோயில் பக்கம் காலையில் போய் நின்றாலே இது தெரியும். ஆனால் நம் பிள்ளைகள் வரைகிற ஊரில் சூரியன் வேறு எங்கோ உதிக்கிறது, ஆறு வேறு எங்கோ ஓடுகிறது, மரம் எந்த ஊர் மரமும் இல்லை.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொன்னார் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம். '99' என்று எழுதினால் ஒரு மார்க். அந்த ஒரு மார்க் வாங்கிய பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் உடையாப்பட்டியிலிருந்து மின்னாம்பள்ளி வரை நடக்கவிட்டு, பத்து மரத்துக்குப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து வருமா? குறிஞ்சி, முல்லை, மருதம், பாலை என்று நிலத்தையே மரத்தையும் பூவையும் வைத்துப் பெயர் சொல்லி அழைத்த மொழி நம்முடையது. அந்த மொழியில் ஒரு குழந்தை 'டிராயிங் மரம்' என்கிறது.

வெளியூர்க்காரர்கள் பார்த்தார்கள்

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1792இல் திப்புவிடமிருந்து பாரமகாலும் சேலமும் கும்பினியின் கைக்கு வந்தன. அதே வருஷம் தாமஸ் டேனியல் என்ற ஓவியரும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் சென்னையிலிருந்து புறப்பட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். பாரமகாலின் மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். ராயக்கோட்டை அவர்கள் படத்தில் இருக்கிறது. தெற்கே பாபநாசம் அருவி வரை போய் வரைந்திருக்கிறார்கள். இந்தியா முழுக்கச் சுற்றி வரைந்ததையெல்லாம் லண்டனுக்குத் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 படங்களாக அச்சிட்டார்கள். 'ஓரியண்டல் சீனரி' என்று பெயர்.

அவர்கள் நம் மேல் உள்ள பாசத்தால் வரையவில்லை. கும்பினி பிடித்த நாட்டைப் படமாகப் பார்க்க லண்டனில் காசுள்ளவர்கள் இருந்தார்கள், அதற்காக வரைந்தார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரயிலும் காரும் இல்லாத காலத்தில், நம் வெயிலில், பாறையும் மரமும் எப்படி இருக்கிறதோ அப்படி நின்று பார்த்திருக்கிறார்கள். பாறை எந்தப் பக்கம் வெளிச்சம் வாங்குகிறது, மரத்தின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். 230 வருஷம் கழித்து இதே மண்ணில் பிறந்த பிள்ளை, இதே மலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கூகுளில் 'ஈஸி சீனரி டிராயிங்' என்று தேடுகிறது.

வெள்ளைக்காரர் கதை வேண்டாம் என்றால் நம்மவர் கதை. கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் பக்கத்திலேயே கோயம்புத்தூரில் பிறந்தவர். பிற்காலத்தில் நவீன ஓவியத்துக்குப் பெயர் பெற்றவர், சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். அப்பேர்ப்பட்டவர் எங்கே தொடங்கினார் தெரியுமா? வாட்டர் கலரில் இயற்கைக் காட்சி வரைவதில். சிறு வயதிலேயே தென்னையும் தண்ணீரும் பச்சையுமாகக் கேரளத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பார்த்து வரைந்த அந்தக் கைதான் பிற்காலத்தில் பார்க்காததையும் வரைந்தது. நாம் முதல் படியையே உடைத்துவிட்டு, பிள்ளையின் 'கிரியேட்டிவிட்டி' எங்கே என்று தேடுகிறோம்.

பிரியடைத் திருடியது யார்?

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் கோபப்பட வேண்டாம். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம் போன்ற கலைக்கும், உடற்கல்விக்கும், தொழிற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை அதுவும் இல்லை. வகுப்பாசிரியரே எல்லாம். அந்தச் சட்டத்தை ஒட்டி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்து போராடியதை டிவியில் பார்த்திருப்பீர்கள்.

மூன்று அரை நாளில் ஒரு மனிதர் எத்தனை வகுப்புக்கு மரம் சொல்லித் தருவார்? அந்த நேரத்திலும் அவரை உட்கார வைத்து ரிஜிஸ்டர் எழுதச் சொல்வது, ஆண்டு விழாவுக்கு மேடை எழுதச் சொல்வது, சுவரில் திருவள்ளுவர் வரையச் சொல்வது எல்லாம் நடக்கும். மிச்சம் இருக்கிற ஓவியப் பிரியடைக் கணக்கும் அறிவியலும் பங்கு போட்டுக்கொள்ளும். தனியார் பள்ளியில் கதை வேறு. அங்கே ஓவியம் ஒரு 'ஆக்டிவிட்டி'. தனியாக ஃபீஸ். வருஷக் கடைசியில் பெற்றோருக்குக் காட்ட எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வரைந்த முப்பது படம் சுவரில் தொங்கும்.

"டென்த்ல ஓவியத்துக்கு மார்க் இல்லையே டீச்சர்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில். 2005ஆம் வருஷத் தேசியக் கலைத்திட்டம் பத்தாம் வகுப்பு வரை கலையை ஒரு பாடமாகவே வைக்கச் சொன்னது. சொன்னது காகிதத்தில் இருக்கிறது. பிரியட் கணக்கு வாத்தியார் கையில் இருக்கிறது.

என் யோக்கியதை

"இதையெல்லாம் சொல்கிறாயே, நீ என்ன செய்தாய்?" என்று யாராவது கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. மரியாதைக்காக விட்டிருப்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். நானும் திருடியவள்தான்.

1998 என்று நினைவு. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியட் ஓவியம். ஐந்தாம் வகுப்பு. அந்தப் பிரியடில் நான் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வேன். ஆய்வுக்கு வருகிற அதிகாரி வாய்ப்பாடுதான் கேட்பார், படம் கேட்க மாட்டார். அந்தப் பிரியடில் ஒரு பையன் கணக்கு நோட்டின் பின்பக்கம் எதையோ வரைந்துகொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே ரோட்டோரம் நின்ற பெரிய புளிய மரம். பென்சிலில் போட்டு, எங்கோ கிடைத்த கலரைத் தண்ணீரில் தொட்டுத் தடவியிருந்தான். பச்சை மேகம் இல்லை. தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிஜ மரமும் அப்படித்தான் சாய்ந்திருக்கும். அடியில் நிழலை ஊதா மாதிரி ஒரு நிறத்தில் போட்டிருந்தான்.

நான் என்ன செய்தேன்? "நிழல் ஊதாவாடா இருக்கும்?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தேன். அந்தத் தாளைக் கிழித்தேன். ஏழாம் வாய்ப்பாடு பத்து முறை எழுதச் சொன்னேன்.

பிறகு சேலம்–உளுந்தூர்ப்பேட்டை ரோட்டை அகலப்படுத்தினார்கள். அந்தப் புளிய மரம் போய்விட்டது. ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அந்த ரோட்டில்தான் நானும் ஆத்தூர் போகிறேன். ஆனால் அந்த மரம் எப்படி இருந்தது என்று இன்றைக்கு ஒரு குழந்தைக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அப்போது யாரிடமும் செல்போன் கேமரா இல்லை. எனக்குத் தெரிந்து அந்த மரத்துக்கு இருந்த ஒரே படம் அந்தக் கணக்கு நோட்டில் இருந்தது. அதைக் கிழித்தது நான்.

அந்தப் பையன் இப்போது பெரிய ஆள். சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தான், ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது, இப்போது வேறு வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டான். "டீச்சர், ஏழாம் வாய்ப்பாடு இன்னும் மறக்கல" என்று சிரித்தான். படத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கண்ணு, நீ இதைப் படித்தால், டீச்சர் தப்பு செய்துவிட்டேன். சாயங்கால வெயிலில் நிழல் நீலமும் ஊதாவுமாகத்தான் தெரியும். நீ பார்த்தது சரி. நான்தான் பார்க்கவில்லை.

ஒரு மரத்தை எப்படி வரைவது?

பணி ஓய்வுக்குப் பிறகுதான் நான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். 1979–81இல் ஆசிரியர் பயிற்சி படித்தபோது எங்களுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் சொன்னவை எல்லாம் அப்போது ஏறவில்லை, இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. திட்டிவிட்டு மட்டும் போகக்கூடாது அல்லவா? எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையோடு செய்து பாருங்கள்.

முதலில் பத்து நிமிஷம் பேப்பரை வெளியே எடுக்கவே கூடாது. மரத்தைப் பாருங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இலைகள் மறைந்து போகும். வெளிச்சம் விழுகிற இரண்டு மூன்று திரள், இருட்டான இரண்டு மூன்று திரள், அவ்வளவுதான் தெரியும். அதைத்தான் வரைய வேண்டும். "இலை இலையாப் போட்டா மரம் வராது, இலைக்கடைதான் வரும்" என்பார் எங்கள் வாத்தியார்.

பென்சிலை அழுத்தாமல் மூன்றே கோடு. தரை எங்கே, தண்டு எங்கே, மரத்தின் மொத்த உருவம் எதுவரை. போதும்.

வாட்டர் கலரில் வெள்ளை நிறம் என்பது பேப்பர்தான். போஸ்டர் கலர் மாதிரி மேலே வெள்ளை பூசிச் சரி செய்ய முடியாது. அதனால் வெளிச்சமான இடத்தை முதலில் போட வேண்டும், இருட்டைப் பிறகு. லெமன் யெல்லோவில் கொஞ்சம் நீலம் கலந்து, நிறையத் தண்ணீரோடு வெளிச்சப் பக்கத்தைத் தடவுங்கள். டப்பாவில் இருக்கிற பச்சையை அப்படியே எடுக்கவே எடுக்காதீர்கள். அது எந்த மரத்தின் பச்சையும் இல்லை. 'டிராயிங் மரத்தின்' பச்சை. மஞ்சளும் நீலமும் கலந்தால் வேம்புக்கு ஒரு பச்சை, மாவுக்கு ஒரு பச்சை, புளிக்கு ஒரு பச்சை நீங்களே செய்யலாம். பங்குனியில் வேப்பங்கொழுந்து பச்சையே இல்லை, செம்பு நிறம். மாந்தளிரும் அப்படித்தான். பார்த்தால்தான் தெரியும்.

இலைத் திரளுக்கு நடுவில் அங்கங்கே ஓட்டை விடுங்கள். நிஜ மரத்தில் வானம் தெரியும். அந்த ஓட்டை இல்லாவிட்டால் மரம் காலிஃப்ளவர் ஆகிவிடும்.

முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நிழல் பக்கத்தில் கொஞ்சம் கெட்டியான கலரைத் தொட்டு வையுங்கள். அது தானாகப் பரவும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து எடுப்பதற்குள் பேப்பர் காய்ந்துவிடும். அதனால் காலை ஆறரை மணிக்கே உட்காருங்கள்.

தண்டுக்குப் பழுப்பு போடாதீர்கள். போய்த் தொட்டுப் பாருங்கள். புளிய மரத்தின் பட்டை கருஞ்சாம்பல், வெடித்து வெடித்து இருக்கும். கொய்யா வழவழவென்று உரிந்திருக்கும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா கலந்தால் நல்ல சாம்பல் வரும். நீலத்தைக் கூட்டினால் ஒரு சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் வேறு சாம்பல்.

தூரத்து மலைக்குப் பச்சை வேண்டாம். சேர்வராயன் மலை முழுக்கக் காடுதான், ஆனால் இங்கிருந்து பார்த்தால் நீலம். நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் அப்படித் தெரிகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒளிச்சிதறலை இதைவிட நன்றாக எந்தப் புத்தகம் சொல்லித் தரும்?

கடைசியாகத் தரையில் நிழல். நிழல் போட்ட பிறகுதான் மரம் பூமியில் நிற்கும். அதுவரை அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும்.

முதல் பத்துப் படம் கேவலமாக வரும். எனக்கு இருபது வந்தது. பரவாயில்லை.

உங்கள் சாக்குகள்

'செலவு ஆகும்' என்பீர்கள். ஐந்தே கலர் போதும்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், கிரிம்சன், அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா. ஒரு பெரிய வட்ட பிரஷ், ஒரு சின்னது. பேப்பர் மட்டும் கொஞ்சம் தடிமனாக, முடிந்தால் 300 ஜி.எஸ்.எம். வாங்குங்கள், இல்லையென்றால் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். குடும்பத்தோடு ஒரு சினிமா, இடைவேளையில் பாப்கார்ன். அந்தச் செலவைவிட இது குறைவு.

'நேரம் இல்லை' என்பீர்கள். உங்கள் பிள்ளையின் கையில் இருக்கிற போனிலேயே அது ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்த்தது என்று கணக்கு இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

'எங்க பிள்ளைக்கு டேலண்ட் இல்லை' என்பீர்கள். கணக்கு வராத பிள்ளைக்கு டியூஷன் வைக்கிறீர்கள். 'டேலண்ட் இல்லை, கணக்கு வேண்டாம்' என்று விடுகிறீர்களா? மரம் பார்ப்பதற்கு டேலண்ட் எதற்கு? ஓவியர் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 34 வருஷம் நான் கணக்கு நடத்தினேன், அதில் யாரும் ராமானுஜன் ஆகவில்லை. அதற்காகக் கணக்கை நிறுத்தினோமா?

கடைசியாக, சென்னையில் ஐ.டி.யில் இருக்கிற என் அண்ணன் மகன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது. "அத்தை, இப்ப ஏஐ-கிட்ட சொன்னா பத்து செகண்ட்ல வாட்டர் கலர்ல மரம் வரைஞ்சு குடுக்குது. எதுக்கு வெயில்ல போய் உக்காந்துட்டு இருக்கீங்க?" என்று கேட்டிருந்தான். கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தான். அழகான படம்தான், பொய் சொல்ல மாட்டேன். மலை, பனி, தண்ணீர், மரம். "என்ன மரம்டா அது?" என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

தம்பி, படம் வேண்டும் என்றால் காலண்டர் வாங்கிக்கொள்வேன். படம் எனக்கு முக்கியம் இல்லை. வேம்பின் அடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எறும்பு எந்த வழியாக ஏறுகிறது என்று தெரிகிறது. எந்தக் கிளை பட்டுப் போகிறது என்று தெரிகிறது. வெயில் நகர்வது தெரிகிறது. அதை மெஷினிடம் செய்யச் சொன்னால் மெஷின் பார்க்குமா, நீ பார்ப்பாயா? உனக்குப் பதிலாக வேறொருவர் சாப்பிட்டால் உன் வயிறு நிறையுமா?

எதற்கு இவ்வளவு கோபம்?

ஏனென்றால் இது ஓவியத்தைப் பற்றியது மட்டும் இல்லை.

தான் பார்த்து வரைந்த மரத்தை ஒரு பிள்ளை மறக்காது. அது நன்றாக இருக்கிறதா என்று போகிற வழியில் பார்க்கும். ஒரு நாள் அது இல்லையென்றால் 'எங்கே?' என்று கேட்கும். 'டிராயிங் மரம்' வரைகிற பிள்ளை கேட்காது. அதைப் பொறுத்தவரை ஒரு மரம் போனாலும் ஊரில் ஒன்றும் குறையவில்லை. ரோட்டுக்காக ஒரு மரம், வீட்டு மனைக்காக ஒரு தோப்பு, ஒயரில் படுகிறது என்று ஒரு கிளை என்று போய்க்கொண்டே இருக்கிறது. சில வெட்டுக்குக் காரணம் நியாயமாக இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. எது நியாயம் என்று கேட்பதற்காவது 'அங்கே ஒரு மரம் இருந்தது' என்று தெரிந்த ஆள் ஊருக்குள் வேண்டும் அல்லவா? அந்த ஆளை நாம் வளர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியடில் நான் வளர்க்கவில்லை.

அதனால் கேட்கிறேன்.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, ஓவியப் பிரியடைத் திருடாதீர்கள். உங்களுக்கு வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய் ஒரு மரத்தின் முன் உட்கார வையுங்கள், நீங்களும் கூட உட்காருங்கள். தலைமையாசிரியர்களே, ஓவிய ஆசிரியர் வரும் அந்த மூன்று அரை நாளையாவது அவர் தொழிலைச் செய்ய விடுங்கள்.

பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிறீர்கள். சத்துணவு, கழிவறை, காம்பவுண்டு சுவர் எல்லாம் கேட்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தில் இதையும் கேளுங்கள்: 'எங்க பிள்ளைக்கு வாரத்துல எத்தனை ஓவியப் பிரியட்? அது நடக்குதா?' அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

போட்டி நடத்துகிற சங்கங்களே, கிளப்புகளே, 'இயற்கைக் காட்சி' என்று தலைப்பு கொடுக்காதீர்கள். 'உங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள ஒரு மரம்' என்று கொடுங்கள். நடுவர் எழுந்து போய் அந்த மரத்தையும் பார்த்துவிட்டு வந்து மார்க் போடட்டும்.

தங்கை பேத்தியின் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவளை எழுப்பி வாசல் வேம்பின் முன் உட்கார வைத்தேன். ஒரே அழுகை. முதல் படம் கசங்கிப் போயிற்று. இரண்டாவதில் தண்ணீர் அதிகமாகி எல்லாம் ஒழுகிற்று. மூன்றாவது படம் போடும்போது பாதியில் நிறுத்திவிட்டு, "பெரிய அம்மாயி, இந்தப் பக்கம் இலையே இல்லையே, ஏன்?" என்று கேட்டாள். எழுந்து போய்ப் பார்த்தேன். போன மாசம் ஒயரில் படுகிறது என்று கிளையை வெட்டிய இடம். தினமும் அந்த வாசலைப் பெருக்குகிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

அந்தப் படத்துக்குப் பரிசு கிடைக்காது. ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டுப் பிள்ளையோடு ஒரு மரத்தின் முன் உட்காருங்கள். வரைந்ததைக் கீழே கமெண்டில் போடுங்கள். மரத்தின் பெயர், ஊரின் பெயர் இரண்டும் கட்டாயம் எழுத வேண்டும். அழகாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன். எந்த மரம் என்று மட்டும் பார்ப்பேன். இந்த முறை யார் தாளையும் கிழிக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
அயோத்தியாப்பட்டணம்